இடம்பெயர்ந்த பரம்பரையலகும் இடம்பெயர்ந்த மனிதரும்

பரமட்டாவில் ரயில் ஏறி மேற்கே செல்பவர்களுக்கு அடுத்த நிலையம் வெஸ்ட்மீட். எம்மவர் பலருக்கு இச்சிறு பயணம் பழகிப்போன ஒன்று. வெஸ்ட்மீட், வென்ட்வேர்த்வில், பென்டில்ஹில், துங்காபி என நீளும் இத்தடத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. பெரிய வைத்தியசாலையும் சிறுவர் வைத்தியசாலையும் வெஸ்ட்மீட்டிலேயே அமைந்திருப்பதால், அங்கு ஒரு தடவையேனும் சென்றிராத குடும்பம் எம்மிடையே அரிது. அவ்வைத்தியசாலைகளுக்கு அண்மையில் சிறுவர் மருத்துவ ஆய்வு நிறுவனம் என்றொரு நிறுவனம் இயங்கி வருகின்றது. புற்றுநோய்க் கலங்கள் முதுமையடையாமல் பெருகிக்கொண்டே போவது எவ்வாறு என்ற கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதியை உலகுக்கு அறிவித்தவர்கள் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே.

அவ்விடையின் வேரைத் தேடிச் சென்றால், எட்டு ஆண்டுகளுள் ஐந்து நாடுகளில் கூடாரமிட்டுப் பெயர்ந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேருகின்றோம். அவர் பெயர் ஹேர்மன் ஜோசப் முல்லர். எக்ஸ் கதிர்களால் பரம்பரையலகுகளில் விகாரங்களை உண்டாக்கலாம் என்று காட்டியமைக்காக 1946ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர் என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடும். அவர் கண்ட வேறு இரண்டு உண்மைகள் அந்தப் பெரும் புகழின் நிழலில் நெடுங்காலம் மறைந்து கிடந்தன. அவ்விரண்டையும் அவர் வாழ்ந்த வாழ்வோடு சேர்த்து இங்கே கூற விரும்புகின்றோம்.

இரவுப் பள்ளி ஆசிரியர்

முல்லர் 1890 டிசெம்பர் 21ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். ஜேர்மனியின் ரைன் நதிப் பகுதியில் வாழ்ந்த அவரது தந்தைவழி முன்னோர், 1848ஆம் ஆண்டின் மக்கள் புரட்சி தோல்வியுற்றதன் பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். குடும்பத்தினர் உலோகக் கலைப்பொருட்கள் வார்க்கும் சிறு தொழிற்கூடமொன்றை நடத்தி வந்தனர். முல்லருக்குப் பத்து வயது நிரம்புவதற்குள் தந்தையார் காலமானார். அதன்பின் குடும்பத்தின் நிலை தளர்ந்தது.

உதவிப் பணம் பெற்று 1907இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், படிப்புச் செலவுக்காகக் கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். விடுதியில் எழுதுவினைஞராக இருந்தார். வங்கிக்குக் கடிதம் காவினார். இரவுப் பள்ளியில், புதிதாக வந்து குடியேறிய பிறநாட்டவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தார். பகலில் உழைத்துவிட்டு இரவில் மொழி கற்கச் செல்லும் வாழ்வு எமது வாசகர்களுக்குப் புதியதன்று. பிற்காலத்தில் உலகப் புகழ் பெறவிருந்த ஒருவர் அத்தகைய வகுப்பொன்றின் கரும்பலகை முன்னே நின்றிருக்கின்றார் என்பதை இங்கு நினைவுகூர்கின்றோம்.

கொலம்பியாவில் தோமஸ் ஹன்ட் மோர்கன் என்ற பேராசிரியர், வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈக்களைப் போத்தல்களில் வளர்த்து, பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளைச் சென்றடையும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கலங்களின் கருவினுள் காணப்படும் நிறமூர்த்தங்களின் மீது, நூலில் கோத்த மணிகளைப் போல, பரம்பரையலகுகள் வரிசையாக அமைந்துள்ளன என்பது அந்தச் சிறிய அறையிலேயே நிறுவப்பட்டது. முல்லர் அக்குழுவில் இணைந்து 1916இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

புள்ளி விழுந்த கண்

1920இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற முல்லர், 1926இன் இறுதியில் பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சத் தொடங்கினார். இயற்கையில் மிக அரிதாக நிகழும் விகாரங்கள் ஏறத்தாழ 150 மடங்கு கூடுதலாக நிகழ்ந்தன. 1927இல் வெளியான அம்முடிவு அவரை ஒரே ஆண்டில் உலகறியச் செய்தது.

கதிர்பட்ட ஈக்களிடையே விசித்திரமான சிலவும் தோன்றின. பழ ஈயின் கண் இயல்பாகச் சிவப்பு நிறமுடையது. அந்நிறத்துக்குரிய பரம்பரையலகு கெட்டுவிட்டால் கண் முழுவதும் வெண்மையாகிவிடும். முல்லர் 1930இல் விவரித்த ஈக்களின் கண்களோ சிவப்பும் வெள்ளையும் கலந்து, புள்ளி விழுந்து காணப்பட்டன. ஒரே கண்ணில் சில கலங்கள் சிவந்தும் சில வெளுத்தும் இருந்தன. ஆராய்ந்தபோது, எக்ஸ் கதிரால் நிறமூர்த்தம் முறிந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டமையும், அதனால் நிறத்துக்குரிய பரம்பரையலகு தனது பழைய இடத்தை இழந்து வேறோர் அயலுக்குச் சென்றமையும் தெரியவந்தன. பரம்பரையலகு அழியவில்லை, அதன் உள்ளடக்கமும் மாறவில்லை. புதிய இடத்தில் அது சில கலங்களில் இயங்கியது, சிலவற்றில் வாளாவிருந்தது.

அந்தப் புதிய அயல் எத்தகையது? இதை விளங்கிக்கொள்ளக் கலத்தின் கருவினுள் சற்று நோக்க வேண்டும். மனித உடலின் ஒரு கலத்திலுள்ள டி.என்.ஏ. இழைகளை எல்லாம் நீட்டி ஒன்றாக வைத்தால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் வரும். மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு அளவேயான கருவினுள் அது அடங்கியாக வேண்டும். ஆகவே அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களின் மீது சுற்றப்பட்டு, மடிக்கப்பட்டு வைக்கப்பட்டிருக்கின்றது. டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த இந்தப் பொதிக்குக் குரோமட்டின் என்று பெயர். சில பகுதிகள் தளர்வாக மடிக்கப்பட்டிருக்கும். அங்குள்ள பரம்பரையலகுகளைக் கலம் எளிதில் வாசிக்கும். வேறு பகுதிகள், பெட்டியின் அடியில் இறுக்கி வைத்த சேலைகளைப் போல, எட்டாத நிலையில் இருக்கும். இவ்வாறு இறுகிய பகுதிகளை 1928இல் பாசித் தாவரங்களில் இனங்கண்டு அவற்றுக்கு ஹெட்டரோகுரோமட்டின் எனப் பெயரிட்டவர் எமில் ஹைட்ஸ் என்ற ஜேர்மன் தாவரவியலாளர். யூத வம்சாவழி காரணமாக நாற்சிகளின் ஆட்சியில் பதவியிழந்து சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றவர் அவர்.

இறுகிய இப்பகுதிகளில் உள்ள டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரே சொற்றொடர் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டதைப் போன்ற தொடர்களால் ஆனது. முல்லரின் ஈயில் நிறத்துக்குரிய பரம்பரையலகு சென்று விழுந்தது இத்தகைய மீள்தொடர்களின் அயலிலேயே. அயலின் இறுக்கம் அதன் மீதும் பரவியது. எந்தக் கலத்தில் பரவியதோ அந்தக் கலம் வெளுத்தது. டி.என்.ஏ.யின் வடிவம் அறியப்படுவதற்கு 23 ஆண்டுகள் முன்னரே இவ்வுண்மையின் வெளித்தோற்றத்தை முல்லர் கண்டுவிட்டார். அதன் காரணத்தை அறியும் கருவிகள் அக்காலத்தில் எவரிடமும் இருக்கவில்லை.

நாடு விட்டு நாடு

1932ஆம் ஆண்டு முல்லரின் வாழ்வில் இருண்ட ஆண்டாகத் தொடங்கியது. மன உளைச்சலால் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று, பின் தேறினார். இடதுசாரி மாணவர் பத்திரிகையொன்றுக்கு உதவியமையால் அரசின் கண்காணிப்புக்கும் ஆளானார். அவ்வாண்டே பெர்லின் நகரின் மூளை ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். சில மாதங்களுள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாற்சிக் குண்டர்கள் அந்நிறுவனத்தினுள்ளும் புகுந்தனர்.

தாவரவியலாளர் நிக்கொலாய் வவிலோவின் அழைப்பை ஏற்று 1933இல் முல்லர் லெனின்கிராட் சென்றார். மறு ஆண்டு ஆய்வுகூடம் மொஸ்கோவுக்கு மாற்றப்பட்டது. சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட நாட்டில் விஞ்ஞானம் செழிக்கும் என்று அவர் மனமார நம்பினார். ஆனால் பரம்பரையலகு என்று ஒன்றே இல்லை எனக் கூறிய லைசென்கோவின் செல்வாக்கு அங்கே ஓங்கி வந்தது. 1936 டிசெம்பரில் நடந்த பெரும் விவாதத்தில் முல்லர் லைசென்கோவை வெளிப்படையாக எதிர்த்தார். டெக்சாசில் அவரோடு பணியாற்றி நாடு திரும்பியிருந்த அகோல், லெவித் ஆகிய இரு விஞ்ஞானிகளும் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டனர். வவிலோவ் 1940இல் கைதாகி 1943இல் சிறையிலேயே உயிர்நீத்தார்.

1937இல் முல்லர் சோவியத் நாட்டைவிட்டு வெளியேறினார். தப்பியோடியவர் எனப் பெயர் எடுத்தால் அங்கு எஞ்சியிருந்த நண்பர்களுக்குத் தீங்கு நேரும் என்பதால், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் தொண்டராகச் சென்று, காயமுற்றோருக்கு இரத்தம் ஏற்றும் கனேடியப் பிரிவில் சில வாரங்கள் பணிபுரிந்தார். அதன் பின்னரே ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரை அடைந்தார்.

எடின்பரோவில் ஒரு புகலிடம்

எடின்பரோவின் விலங்குப் பிறப்புரிமையியல் நிறுவனம் அந்நாட்களில் வீடிழந்தவர்களின் வீடாக இருந்தது. பெர்லினில் ஆசிரியத் தொழில் பறிக்கப்பட்ட சார்லொட் அவர்பாக் அங்கிருந்தார். முல்லர் காட்டிய வழியில் விகார ஆய்வில் இறங்கி, நச்சு வாயுவும் விகாரங்களை உண்டாக்கும் எனப் பின்னர் நிறுவினார். இத்தாலியிலிருந்து வந்த யூதரான குயிடோ பொன்டெகோர்வோ, முல்லரிடமே பிறப்புரிமையியல் கற்றுப் பேராசிரியராக உயர்ந்தார். கல்கத்தாவிலிருந்து வந்த ராய் சௌத்ரி, அவரது மேற்பார்வையில் ஆய்வு செய்து, கதிர்வீச்சின் அளவு சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் மொத்தத் தீங்கு குறைவதில்லை என்பதற்குச் சான்று தந்தார். ஜேர்மனியிலிருந்து அகதியாக வந்த தியா கன்டொரோவிச் என்ற பெண்மணியை முல்லர் 1939இல் அங்கேயே மறுமணம் செய்துகொண்டார்.

அவரது இரண்டாவது பெருங்கண்டுபிடிப்பு வெளிவந்தது 1938இல். எக்ஸ் கதிரால் முறிந்த நிறமூர்த்தத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அவர் ஆண்டாண்டாகக் கண்டு வந்தார். ஆனால் நிறமூர்த்தத்தின் இயற்கையான நுனி மட்டும் எதனோடும் ஒட்டவில்லை. நுனியை இழந்த நிறமூர்த்தம் நிலைக்கவும் இல்லை. ஆகவே நுனியில் தனித்தன்மை வாய்ந்த ஏதோவொன்று காவலாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, முடிவு, பகுதி என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு டெலோமியர் எனப் பெயரிட்டார். நெய்த துணியின் ஓர நூல்கள் பிரிந்து போகாதபடி முடிச்சிட்டு விடுவதை நாம் அறிவோம். நிறமூர்த்தத்தின் முடிச்சு அது. அதே காலத்தில் அமெரிக்காவில் பார்பரா மக்ளின்டொக் சோளப் பயிரில் ஆராய்ந்து, முறிந்த நுனிகள் மீண்டும் மீண்டும் ஒட்டி முறியும் அவலத்தை விளக்கினார்.

1939 ஓகஸ்ட் இறுதியில் எடின்பரோவில் உலகப் பிறப்புரிமையியல் மகாநாடு கூடியது. தலைவராகத் தெரிவான வவிலோவுக்கு மொஸ்கோ பயண அனுமதி மறுத்தது. மகாநாடு நடந்துகொண்டிருந்தபோதே போர் மேகம் சூழ்ந்து, ஜேர்மனியப் பிரதிநிதிகள் பாதியில் வெளியேறினர். அம்மகாநாட்டுக்குச் சென்றவர்களில் கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் ஒருவர். போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல் இங்கிலாந்திலேயே தங்கி, நிறமூர்த்த ஆய்வைத் தொடர்ந்தார். கரும்பும் சோளமும் ஆராய்ந்த எமது மண்ணின் பெண்மணி ஒருவர், போரினால் வழிமறிக்கப்பட்ட அக்கூட்டத்தில் இருந்தார் என்பது எமக்கு நெருக்கமான செய்தி.

தவறிய இடம்

1940இல் முல்லர் அமெரிக்கா திரும்பினார். நிலையான பதவி உடனே கிடைக்கவில்லை. 1945இலேயே இந்தியானாப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்த மறு ஆண்டு நோபல் பரிசு வந்தது. அந்தப் புகழை அவர் கதிர்வீச்சின் ஆபத்தை எச்சரிப்பதற்கே பெரிதும் பயன்படுத்தினார். வைத்தியர்கள் எக்ஸ் கதிரை எண்ணிப் பார்க்காமல் பயன்படுத்துவதையும் அணுகுண்டுப் பரிசோதனைகளையும் கண்டித்தார். 1955இல் ரசலும் ஐன்ஸ்டைனும் வெளியிட்ட அணுஆயுத எதிர்ப்பு அறிக்கையில் கையொப்பமிட்டார். 1967 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியானாபொலிஸ் நகரில் காலமானார்.

அவரது வாழ்வின் ஒரு பிழையை மறைத்து எழுதுவது முறையாகாது. தேர்ந்தெடுத்த ஆண்களின் வித்துக்களைக் கொண்டு மனித இனத்தை மேம்படுத்தலாம் என்று அவர் நம்பினார். 1935இல் அதைப் பற்றி நூல் எழுதினார். 1936இல் ஸ்டாலினுக்குக் கடிதமும் எழுதினார். இனவெறியை அவர் வெறுத்தார் என்பது உண்மை. அமெரிக்காவின் இனமேம்பாட்டு இயக்கம் பணக்காரரின் தப்பெண்ணத்துக்கு விஞ்ஞான வேடம் போடுகின்றது என 1932இலேயே கண்டித்தார். வாழ்க்கை வசதிகள் சமமாகும்வரை மக்களின் பிறவித் தகுதிகளை ஒப்பிட இயலாது என்ற 1939ஆம் ஆண்டு அறிக்கையிலும் அவரது பங்கு பெரிது. ஆயினும் சிறந்த மனிதரைத் தெரிவு செய்யலாம் என்ற எண்ணத்தை அவர் இறுதிவரை கைவிடவில்லை. எவர் சிறந்தவர் என்று முடிவு செய்யும் அதிகாரம் எவர் கைக்குப் போகும் என்பதை, பெர்லினையும் மொஸ்கோவையும் கண்ட ஒருவர் ஆழமாக எண்ணியிருக்க வேண்டும். அவரது புள்ளி விழுந்த ஈயே அவருக்கு மறுமொழி சொல்லியிருக்கக் கூடும். பழுதற்ற பரம்பரையலகு ஒன்று, வைக்கப்பட்ட இடத்தினால் மட்டும் வாயடைத்துப் போயிருந்ததை முதலில் கண்டவர் அவரே அல்லவா?

காவலர்கள் யார்?

முல்லர் விட்டுச்சென்ற இரு கேள்விகளுக்கும் விடை புரதங்களில் இருந்தது. 1986இல் அமெரிக்காவில் சேரா எல்ஜினின் ஆய்வுகூடம், பழ ஈயின் இறுகிய பகுதிகளில் தங்கும் எச்.பி.1 என்ற புரதத்தைக் கண்டறிந்தது. அது செயற்படும் விதம் 2000, 2001ஆம் ஆண்டுகளில் தெளிவாகியது. ஒரு புரதம் ஹிஸ்டோனின் குறிப்பிட்ட இடத்தில் மீதைல் என்னும் சிறு அடையாளத்தை இடுகின்றது. எச்.பி.1 அவ்வடையாளத்தைப் பற்றிக்கொள்கின்றது. தன்னையொத்த இன்னொன்றுடன் கைகோக்கின்றது. அடையாளமிடும் புரதத்தையும் அருகே அழைக்கின்றது. அது அடுத்த ஹிஸ்டோனிலும் அடையாளம் இடுகின்றது. இவ்வாறு இறுக்கம் படிப்படியாகப் பரவுகின்றது. முல்லரின் ஈக்கண்ணில் வெள்ளைத் திட்டுக்கள் தோன்றியமைக்குக் காரணம் இதுவே.

நுனியின் கதையை அவுஸ்திரேலியாவின் மகளொருவர் தொடக்கி வைத்தார். தஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் 1948இல் பிறந்த எலிசபெத் பிளக்பேர்ன், குளத்து நீரில் வாழும் ஒருகல உயிரியின் நிறமூர்த்த நுனிகள் ஆறெழுத்துத் தொடரொன்றின் மீள்எழுத்து என்பதை 1978இல் ஜோசப் கோலுடன் சேர்ந்து வெளியிட்டார். நுனியை நீட்டும் டெலோமரேஸ் என்னும் நொதியத்தையும் கரோல் கிரைடருடன் சேர்ந்து கண்டறிந்து, 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மனிதரின் நுனியில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற தொடர் ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவைகள் மீள்கின்றது என்பது 1988இல் தெரியவந்தது. அத்தொடரை இனங்கண்டு பற்றும் டி.ஆர்.எஃப்.1, டி.ஆர்.எஃப்.2 என்ற இரு புரதங்களும், தனியிழையைப் பற்றும் மற்றொன்றும், இவற்றை இணைக்கும் வேறு சிலவும் சேர்ந்து ஆறு புரதங்கள் கொண்ட ஒரு காவல் அணியாக நிற்கின்றன. அந்த அணி கலைந்தால், கலம் தன் நிறமூர்த்த நுனியை முறிவு என்று தவறாக எண்ணி வேறொரு நுனியோடு ஒட்டிவிடும்.

சாதாரண கலம் பிரியும்தோறும் நுனி சிறிது தேய்கின்றது. இறுதியில் கலம் பிரிவதை நிறுத்துகின்றது. புற்றுநோய்க் கலங்களிற் பெரும்பாலானவை டெலோமரேசை மீண்டும் இயக்கி இவ்விதியை மீறுகின்றன. அந்நொதியம் இல்லாமலே நுனியை நீட்டும் மனிதக் கலங்களும் உண்டு என்பதை 1995இல் வெஸ்ட்மீட்டின் ரொஜர் ரெடலும் அவரது குழுவினரும் காட்டினர். அக்கலங்கள் ஒரு நுனியைப் பார்த்து மற்றொரு நுனியைப் படியெடுத்து நீட்டிக்கொள்கின்றன. புற்றுநோய்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இவ்வழியில் செல்கின்றன. எலும்பிலும் மூளையிலும் வரும் சில புற்றுநோய்கள், சிறுவரைத் தாக்குவன உட்பட, இவற்றுள் அடங்கும்.

இக்கலங்களின் நுனியில் வழக்கமான தொடருக்கிடையே ஓரெழுத்து மாறிய தொடர்கள் கலந்திருப்பதையும், அவ்விடங்களில் வேறு புரதங்கள் வந்து அமர்வதையும் அதே நிறுவனத்தார் 2012இல் விவரித்தனர். அப்புரதங்களோடு தொடர்புற்று இசட்.என்.எஃப்.827 என்ற புரதமொன்று வருகின்றது. அது குரோமட்டினை மாற்றியமைக்கும் பெரும் புரதக் கூட்டத்தை நுனிக்கு அழைக்கின்றது. பழைய காவலர் இடம் இழக்கின்றனர். நுனிகள் ஒன்றையொன்று படியெடுக்க வழி திறக்கின்றது என்று 2014இல் காட்டினர். மீள்தொடர்களின் மீது ஒரு புரதம் மற்றொன்றை அழைத்து வந்து குரோமட்டினின் நிலையை மாற்றுவதே இதன் சாரம். முல்லர் 1930இலும் 1938இலும் தனித்தனியே கண்ட இரு உண்மைகள் இங்கே ஒன்று சேர்கின்றன. இவ்வழியை மறித்து, நோயுற்ற கலங்களை மட்டும் அழிக்கும் மருந்துக்கான தேடல் தொடர்கின்றது.

முல்லர் தங்கிய நாடுகளில் ஒன்று அவரது நண்பர்களைக் கொன்றது. இன்னொன்று அவரது சகாக்களைத் துரத்தியது. எடின்பரோவில் ஒரு சில மேசைகளும் ஈப் போத்தல்களும், துரத்தப்பட்டவர்களுக்கு இடம் தர மனமுடைய நிறுவனத் தலைவர் ஒருவரும் இருந்தமையால், அவர் கையிலிருந்த நூல் அறுபடவில்லை. அதே நூலின் மறுநுனி இன்று பரமட்டாவுக்கு அடுத்த நிலையத்தில் இருக்கின்றது. பிள்ளையோடு சிறுவர் வைத்தியசாலையின் வரிசையில் காத்திருக்கும் எமது பெற்றோருக்கு, அருகிலுள்ள கட்டடத்தில் நடப்பது யாருடைய வேலையின் தொடர்ச்சி என்பது தெரிந்திருக்கட்டும் என்றே இதனை எழுதினோம்.